எங்கள் ஏரிக்கரையைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற சனிக்கிழமை மாலை ஏரி பழைய மட்டத்தைத் தொட்டது. பதினான்கு மாதம் சேறும் புல்லுமாகக் கிடந்த இடத்தில் மறுபடி தண்ணீர். ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதத்தைக் குடியிருப்போர் கூட்டத்தில் வாசித்தாயிற்று. ஆனாலும் தமிழில் சொல்லாமல் எனக்கு மனம் ஆறவில்லை.

அட்லாண்டாவுக்கு வடக்கே, எங்கள் குடியிருப்பின் நடுவில் இருப்பது பன்னிரண்டு ஏக்கர் ஏரி. 24 அடி உயர மண்கரை. 1960களில் நிலத்துக்காரர் ஒருவர் மீன் பிடிக்கவும் படகு விடவும் ஓடையை மறித்துக் கட்டினார். பாசனம் கிடையாது, குடிநீரும் கிடையாது. கரையும் ஏரியும் இன்று 34 வீடுகளுக்குப் பொதுச் சொத்து. வீடு வாங்கும்போது ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறதே என்று மகிழ்ந்தோம். ஓர் அணைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர், மகள் வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த ஐயா. பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் கண்மாய்களோடு வாழ்ந்தவர். தினமும் மாலையில் கரைமேல் நடப்பார். போன ஆண்டு மார்ச்சில், மழை விட்டுப் பத்து நாளாகியும், வெளிச்சரிவின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோரையை விலக்கினால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊற்று. அதைச் சுற்றி எறும்பு தள்ளிய மண்ணைப் போல ஒரு சின்ன வளையம். கழுவிய ஊறுகாய் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கி, அந்த நீரைப் பிடித்து, எங்கள் சமையல் மேடையில் வைத்தார். காபி குடித்துவிட்டுப் பார்த்தோம். அடியில் நூல் பருமனுக்குச் செம்மண் படிந்திருந்தது.

“மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும் தம்பி. தெளிந்த தண்ணீராக வந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது கரையையும் கூடவே கொண்டு வருகிறது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்” என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணம் கொடுத்து அழைத்த ஒரு நிறுவனம், “கரை நன்றாக இருக்கிறது” என்று எழுதித் தந்திருந்தது. வந்தவர்கள் சரிவில் இறங்கவே இல்லை. அந்தத் தாளை நம்பி உறங்கிய இரவுகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

அன்றிரவே தகவல் சொன்னோம். மறுநாள் காலை மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்த பொறியாளர் அம்மையாருக்கு எங்கள் வணக்கம். முன்பு கரைக்குக் கீழே வெறும் காடு. அதனால் மாநிலத்தின் அணை வகைப்பாட்டில் இரண்டாம் வகையில் இருந்தது. இன்று அங்கே வீடுகளும் ஒரு குழந்தைகள் காப்பகமும் இருக்கின்றன. முதல் வகைக்கு மாற்ற வேண்டும் என்றதும் செலவை நினைத்து எங்களில் சிலர் முணுமுணுத்தோம். வகை என்பது கரை எவ்வளவு திடமாக இருக்கிறது என்பதைப் பற்றியதன்று, அது உடைந்தால் உயிர் போகுமா என்பதைப் பற்றியது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு டொக்கோவாவைப் பற்றிச் சொன்னார்.

டொக்கோவா இதே ஜார்ஜியாவில்தான் இருக்கிறது. 1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணிக்குக் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேரை வாரிக்கொண்டு போனது. இருபது பேர் குழந்தைகள். அதுவும் மண்கரைதான், 1957இல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திய பிறகு பொழுதுபோக்குக்காகவே விட்டிருந்த ஏரி. 1973இல் எடுத்த ஒரு படத்தில் வெளிச்சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறதாம். அணை உடைந்த அடுத்த ஆண்டே, 1978இல், மாநிலத்தில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர் சொல்லி முடித்தபின் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மணல் சுமந்த பிள்ளைகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஊற்றை அடைக்கக் கூடாது, அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்று சொல்லப்பட்டதும், முதலில் மணல், மேலே பொடி ஜல்லி, அதற்கும் மேலே பெரிய ஜல்லி என்று இருட்டும்வரை கொட்டினீர்கள். நீர் வடிந்தது, மண் நின்றது. ஏரியை ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கவில்லை. அவசரப்பட்டால் ஊறிய உட்சரிவு தாங்கலை இழந்து சரிந்துவிடும். அந்த ஒன்பது இரவும் டார்ச்சோடு முறை வைத்துக் காவல் இருந்தவர்களுக்கும், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் சுக்குக் காபி கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி.

ஓடைக்கரையில் வசிப்பவர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். எங்கள் படகுக்கும் தூண்டிலுக்குமான ஏரி. ஆபத்து மட்டும் உங்களுக்கு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒன்பது இரவு வெளியே தங்கினீர்கள். கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தும், திரும்பி வந்த அன்று எங்களோடு சேர்ந்து கரையில் மண்வெட்டி பிடித்தீர்கள்.

கரைக்குள் போகும் பழைய நெளிதகட்டுக் குழாயில் கேமரா விட்டபோது அதன் அடிப்பக்கம் துருவேறி ஓட்டையாகியிருந்தது. அதற்குள் புதுக் குழாய் செலுத்தி இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்பி, வெளிமுனையைச் சுற்றி மணல் வடிகட்டி அமைத்தார்கள். சரிவில் நின்ற பைன் மரங்களையும் வெட்ட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று வாதாடியவன் நான். தோண்டியெடுத்த மட்கிய வேர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே குழல் போல வெறுமை. தண்ணீருக்குப் போட்டுக் கொடுத்த பாதை அது.

தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவரின் பங்குப் பணத்தை அவருக்கே தெரியாமல் கட்டிய இரண்டு குடும்பங்கள் பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டன. சொல்லவில்லை. கைகூப்புகிறேன்.

ஐயா, ஊர் திரும்பிய பிறகும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலோடு முடிக்கிறேன். வடிகட்டியின் வெளிவாயில் நேற்று காலை அளந்தோம். நிமிடத்துக்கு மூன்று லிட்டர். அதே ஊறுகாய் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு முழுக்க வைத்திருந்தோம். அடியில் ஒன்றும் படியவில்லை.

என்றும் நன்றியுடன்,
ஏரிக்கரைக் குடும்பங்களின் சார்பில்