சோலைமந்திக்குத் தீனி போடச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கோடைச் சுற்றுலாப் பகுதியில் எங்கள் வால்பாறையைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருந்தது. அதில், "சாலையோரம் வரும் சிங்கவால் குரங்குகளுக்குக் குழந்தைகள் கையாலேயே தின்பண்டம் கொடுத்து மகிழலாம்" என்று ஒரு வரி. என் அப்பா காலத்திலிருந்து உங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

சோலைமந்தி என்கிற இந்தச் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதது என்பது தாங்கள் அறியாததல்ல. வெடிப்பலா, அத்தி, பூச்சி என்று உச்சிக்கிளையிலேயே வயிற்றைக் கழுவிக்கொள்ளும். லேசில் தரைக்கு வராது. காட்டை அழித்துத் தேயிலை போட்டதில் மிஞ்சிய காட்டுத் துண்டுதான் புதுத்தோட்டம். அதன் நடுவே பொள்ளாச்சி ரோடு. குரங்கு கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே காரில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் பாலத்தை விட்டு இறங்கிவிடுகிறது. அங்கே வேனில் அடிபட்டுக் கிடந்த தாய்க்குரங்கை நான் பார்த்தேன். கைக்குள் முறுக்குத் துண்டு. குட்டி இன்னும் பாலுக்கு முட்டிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணிடம், "போடாதீங்க கண்ணு" என்றேன். "பசிக்குதுங்க பெரியவரே, பாவம். புத்தகத்திலயே போட்டிருக்குதுங்க" என்று உங்கள் இதழை எடுத்துக் காட்டினார். அவரை நான் என்ன சொல்ல?

சிறுத்தை குழந்தையைத் தூக்கினால் எங்கள் ஊர் செய்தியாகிறது. மற்ற நாளெல்லாம் பனிமூட்டம், தேயிலை, வளைவு. பிரசவத்தில் சிக்கல் என்றால் 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்கு ஓடுகிறோமே, அதை யார் எழுதினார்கள்? என் மருமகளைக் கொண்டுபோன அன்று ஒன்பதாவது வளைவில் வரையாட்டைப் படம் பிடிக்கக் காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். 108 வண்டி சங்கு ஊதிக்கொண்டே நின்றது.

2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து எங்களுக்குக் கட்டுப்பாடு கூடியது. விறகு பொறுக்கவும் யோசிக்கிறோம். இருந்தும் காடு வேண்டும் என்றுதான் சொல்கிறோம். சோலைக்குள் மேகம் புகுந்து பாசியிலும் இலையிலும் சொட்டும் ஈரம் மண்ணில் இறங்கித்தான் தை மாசியிலும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. இந்த மலைத் தண்ணீர்தான் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்காலில் உடுமலை, பல்லடம் வரை போகிறது. அந்தத் தண்ணீரில் விவசாயம் பார்க்கிறவர்களும் உங்கள் வாசகர்கள்தானே.

அடுத்த இதழில் அதே சுற்றுலாப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வரி தவறு, குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று போடுங்கள். பள்ளி திறப்பதற்குள் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
வால்பாறை