சேற்றில் புதையாத மாடு

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் கும்பகோணத்தில் குடும்பத்தோடு ஒரு புதிய படம் பார்த்தோம். கதை எங்கள் டெல்டாவில் நடக்கிறதாம். நடவுக்குச் சேறடித்த வயலில் உழவு மாடு ஒன்று மிரண்டு ஓடுகிறது. முழங்கால் அளவு சேறு. குளம்போ அதில் புதையவே இல்லை, ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. நாற்பது வருடம் ஏர் பிடித்த என் மாமனார், "இது எந்த ஊர் மாடு?" என்று உரக்கவே கேட்டுவிட்டார். திரையின் மூலையில் 'சி.ஜி.ஐ.' (கணினியில் உருவாக்கிய காட்சி) என்று போட்டிருந்தார்கள். போடாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

விலங்குகளை நடிக்க வைக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். மாட்டை வதைக்காமல் விட்டது நல்லதே. ஆறு என்ன பாவம் செய்தது? காவிரி வெள்ளமும் கணினியில்தான், அதுவும் கடல்நீல நிறத்தில்! ஆடியில் வரும் புதுவெள்ளம் கலங்கிய செந்நீராக, நுரையும் சருகும் ஆகாயத்தாமரையும் சுமந்துகொண்டு வரும்.

1957இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் லட்டுகள் தாமே பறந்து ரங்காராவின் வாய்க்குள் போகும். கணினி ஏது அப்போது? மார்கஸ் பார்ட்லியின் கேமராதான். 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்'கிலும் கணினி டைனோசர்கள் வருவது சுமார் 6 நிமிடம். மற்றதெல்லாம் இயந்திர பொம்மைகளும் வேடமிட்ட ஆட்களும்.

அடுத்த படத்துக்கு இயக்குநர் ஆடிப்பெருக்கன்று ஒரு கேமராவுடன் எங்கள் படித்துறைக்கு வரட்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்க வேண்டும், அது வேறு கதை.

– ஒரு வாசகர், திருவையாறு