தைப்பூசத்துக்கு முன், தம்பிக்கு

சுங்கை சிப்புட்,
மார்கழி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன், பத்துமலையில் காவடி எடுக்கப் போகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாயே, அதன் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் நான் எதைக் கேட்டாலும் கைகூப்பும் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது. நேரில் பேசினால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் பழகிய கையால் இதை எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு கோபித்துக்கொள்.

விரத காலத்தில் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று கேள்விப்பட்டேன். முதுகுவலிக்கு நீ போடும் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கிற மாத்திரை அது. உன் சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும்.

உன்னைத் தடுப்பதற்காக நான் எழுதவில்லை. சாமிக்குச் சொன்ன சொல்லை மீறும்படி எந்தத் தாயும் சொல்லமாட்டாள். சொன்னால் உன் பாட்டி மேலிருந்து என்னைக் கேட்பார். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் காலுறையைக்கூட மாட்ட முடியாமல் விறைத்துப்போகிற முதுகை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேலைக்கும் போய், மாதம் தவறாமல் எனக்குப் பணமும் அனுப்புகிறாய். உன் அக்காவிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது. ஆனால் இத்தனை பொறுமையுள்ள பிள்ளைக்கு, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று பெற்றவளிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

போன முறை பேசும்போது, “பாட்டி எந்த ஊசி போட்டுக்கொண்டார், மாரியம்மனை நம்பியே முதுகுவலியோடு வாழ்ந்து முடிக்கவில்லையா” என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன், கேள்.

பாட்டிக்கு வந்த வலி வேறு, உனக்கு வந்திருக்கும் நோய் வேறு. ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடிவதற்குள் மரங்களில் பால் வெட்டி முடித்து, பிறகு மங்குக் கிண்ணங்களில் சேர்ந்ததை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமந்து மேடும் பள்ளமுமாக நடந்த முதுகு அது. உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். உனக்கு நேர்மாறு: படுத்தால் இறுகுகிறது, நடந்தால் இளகுகிறது. உன் உடம்பின் காவல் படையே உன் முதுகெலும்பின் மூட்டுகளைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிறது என்றும், கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடும் என்றும், அப்படி ஒட்டிய முதுகு பார்க்க உறுதியாக இருந்தாலும் சாதாரணமாக ஒருமுறை விழுந்தாலே முறியலாம் என்றும் டாக்டர் படம் வரைந்து காட்டியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பெயரை நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டவள் நான். 272 படிகளில், கூட்ட நெரிசலில், தோளில் காவடியோடு நீ ஏறுவதை நினைத்தால் அந்தப் படம்தான் கண்ணில் நிற்கிறது.

பாட்டி மாரியம்மனை மட்டும் நம்பினார் என்பதும் சரியல்ல. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் மாத்திரை வாங்குவார், கோடாலித் தைலத்தை என்னைத் தேய்க்கச் சொல்வார், வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கும் போவார். அங்கே போய் அவர் வலியை எடுத்துவிடு என்று கேட்டதை நான் கேட்டதே இல்லை. “நாளைக்கு மரத்தடிக்குப் போக இந்த முதுகு இருந்தால் போதும், தாயே” என்பார், சத்தமாக, சுற்றியிருக்கும் பெண்கள் எல்லோர் காதிலும் விழும்படி. மறுநாள் யாராவது ஒருத்தி அவருடைய ஒரு வாளியை வாங்கிச் சுமந்துகொண்டு வருவாள். சாமி உதவியதா, பக்கத்து நிரையில் வெட்டியவள் உதவினாளா என்று பாட்டி பிரித்துப் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துச் செம்பனை மரங்கள் வைத்த பிறகும் அந்தப் பெண்களில் உயிரோடு இருப்பவர்கள் அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள். இன்றும் முழங்கால் வலியைச் சாமியிடம் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் வாரம் ஓடுகிறது. வலி குறைவதில்லை, அதை வைத்துக்கொண்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது குறைகிறது.

நீயோ கும்பிடுவதையே வலியை மறைக்கும் ஒரு திரையாக்கிக்கொண்டாய் என்று தோன்றுகிறது. விரதம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் அல்லவா?

அப்பர் சுவாமிகளையும் துணைக்கு அழைத்தாய். சூலை நோய் வந்த அவருக்கு மருந்து கொடுத்தது யார், தமக்கையார் கொடுத்த திருநீறுதானே என்றாய். பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது, நானும் அதை அப்படியே நம்புகிறேன். ஆனால் திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகத்தை நீ ஒருமுறை நிதானமாகப் படி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர் பாடிய பாட்டாக அது இல்லை. வயிற்றின் உள்ளே குடலோடு சேர்த்து முடக்குகிறது, தாங்க முடியவில்லை, ஏன் இதை விலக்காமல் இருக்கிறீர் என்று இறைவனிடமே முறையிடுகிறார். அதற்கும் முன்னால், இருந்த இடத்தை விட்டு இரவோடு இரவாகத் தமக்கையாரைத் தேடிப் போய்த் தன் நிலையைச் சொல்லியிருக்கிறார். உனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள், ஈப்போவில், ஒரு தொலைபேசித் தூரத்தில்.

உன் மாமா உன்னிடம் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நம்பிக்கை முழுதாக இருந்தால் ஊசி எதற்கு என்றாராம். அவர் தன் சர்க்கரைக்கு மாதா மாதம் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்குகிறார். அவருடைய நம்பிக்கையில் எத்தனை பங்கு குறைவு என்று நான் கேட்கட்டுமா? தம்பி, கும்பிட்டும் வலி இருக்கிறதென்றால் கும்பிட்டவனிடம் குறை இருப்பதாகச் சொல்கிற பேச்சை நம் வீட்டுக்குள் விடாதே. வலியோடு இருப்பவனுக்கு அது இன்னொரு வலி. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நீ சாமியிடம் பரீட்சை எழுதக் கிளம்பியிருக்கிறாய் என்று பயப்படுகிறேன்.

சொல்லக் கூடாது என்று நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தபோது தேங்காய்ப்பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய ஊசிகள் பிரிக்காத பெட்டிகளாகப் பின்னால் அடுக்கி இருந்தன. மருமகள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே. கண் எனக்கு இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. அன்றே கேட்டிருந்தால் உன் பிள்ளை முன்னால் நீ தலைகுனிந்திருப்பாய். அதனால் பலகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

அந்த ஊசியை ஆரம்பிப்பதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று சோதித்தார்களே, ஏன்? அது அழற்சியை அடக்கும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைக்கிறது. அலகு குத்திக்கொள்ள நினைத்திருந்தால், குத்திய இடத்தில் கிருமி சேர்ந்தால், உனக்கு அது மற்றவர்களுக்கு ஆறுவதுபோல ஆறாது. அதற்காக ஊசியை நிறுத்திவிட்டுக் குத்திக்கொள்ளலாம் என்று நீயே கணக்குப் போடாதே. எதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், அன்றே போய்க் காட்டு. இந்த நோயில் கண்ணுக்கும் அழற்சி வரக்கூடும். சாப்பிடாமல் மாத்திரை போடாதே.

விரதத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. காலையில் சுடுநீரில் குளித்துவிட்டு கந்த சஷ்டி கவசத்தை மனத்துக்குள் முணுமுணுக்காமல் வாய்விட்டு, மூச்சு நீளப் பாடு. இந்த நோயில் நெஞ்சு விரிவது குறையும், தினமும் ஆழ மூச்சு இழுத்துப் பழகு என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள் அல்லவா? முதுகை அருள்வேல் காக்க, பழு பதினாறும் பருவேல் காக்க என்று முதுகுக்கும் விலாவுக்கும் சேர்த்தே அதில் வேண்டுதல் இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வரிகளுக்கு முதுகைத் தொட்டுக் காட்டுவாய்.

காவடி எடுத்தால்தான் கடன் தீரும் என்றும் நினைக்காதே. முதல் காவடியைச் சுமந்த இடும்பனாலேயே பழனியில் இறக்கிவைத்த மலையை மறுபடி தூக்க முடியவில்லை. சண்டை போட்டான், மாண்டான். முருகன் அவனை எழுப்பித் தன் மலையிலேயே காவலாக வைத்துக்கொண்டான். தூக்க முடியாதவன் என்று தள்ளிவிடவில்லை.

வருகிற வாரம் உனக்கு டாக்டரைப் பார்க்கும் நாள் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். மருமகளையும் அழைத்துக்கொண்டு போ. ஊசி போடாமல் விட்டதை நீயே சொல், அவளைச் சொல்ல வைக்காதே. விரதம், காவடி, அலகு மூன்றையும் மறைக்காமல் கேள். வேண்டாம் என்று அவர் சொன்னால், இந்த ஆண்டு பத்துமலையை விட்டுவிட்டு இங்கே ஈப்போ கல்லுமலைக்கு வா. சின்னச் செம்பில் பால் எடுத்துக்கொள். தலையில் வைக்காதே, கழுத்துக்கும் ஆகாது, கையில் ஏந்திக்கொண்டு வா. உன் அக்காவும் நானும் கூட நடக்கிறோம். என் முழங்காலுக்கு ஏற்ற வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டியிருக்கும், அது உனக்கும் நல்லது. மஞ்சள் துணி உனக்கும் சேர்த்தே எடுத்துவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்பதை அன்று மாலையே அழைத்துச் சொல். கைகூப்பும் படம் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா