செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தோட்டமும் அடுப்பும்

ஆன்மநேய அன்பர்கள் அனைவருக்கும் வந்தனம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வள்ளலார் வழி நடக்கும் நம் சன்மார்க்க சங்கத்தில் நடந்தவற்றை இந்த அறிக்கையில் சொல்கிறேன். எத்தனை உறுப்பினர்கள், எத்தனை கூட்டங்கள் என்பதையெல்லாம் பொருளாளர் தனித்தாளில் அச்சடித்து நாற்காலிகளில் வைத்திருக்கிறார். அதை நான் திரும்ப வாசிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மாலைச் சொற்பொழிவுக்கு இந்த ஆண்டும் பத்துப் பேருக்கு மேல் வந்ததில்லை, அதில் நாலு பேர் நிர்வாகிகள். ஆனால் மாதப் பூசத்தன்று கஞ்சி காய்ச்சினால் பாத்திரம் கழுவுவதற்கே இருபது பேர் நிற்கிறார்கள். போன அறிக்கைகளில் இதைப் பெரிய குறையாக எழுதியிருந்தேன். இந்த ஆண்டு எனக்கு அந்த வருத்தம் போய்விட்டது. ஏன் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரம் மீறினால் தலைவர் மணி அடிக்கலாம்.

தெருக்கோடியில் உள்ள ஆறு சென்ட் மனையில் நாம் தோட்டம் போட்டு இது மூன்றாம் ஆண்டு. வெளியூரில் இருக்கும் மனைக்காரர் இந்த ஆண்டும் வாடகை கேட்கவில்லை. அவருக்கு நன்றி. கஞ்சிக்குத் துவையல் அரைக்கக் கீரையும் காயும் காசு கொடுத்து வாங்குவானேன் என்றுதான் தொடங்கினோம். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை மூன்றும் வேலியோரம். இவற்றோடு சீரகம் சேர்த்துப் பொடித்துக் காய்ச்சிக் குடிப்பது நம் வழக்கம் என்பதால் இவை கட்டாயம். நடுவில் வெண்டை, கொத்தவரை, பரங்கி, சுரை. மூலையில் இரண்டு முருங்கை. நம் பண்ருட்டி வட்டாரச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் தானாக வரும், கீரைக்குத்தான் எரு கொட்ட வேண்டியிருக்கிறது.

எருவில்தான் இந்த ஆண்டின் முதல் சண்டை வந்தது. கடைத்தெருவில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் கஞ்சிக்குப் பத்துக் கிலோ நொய் தருகிறார். ஜூன் மாதம் ஒரு வண்டி ஆட்டுப் புழுக்கையும் கொண்டுவந்து இறக்கினார். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள். பாத்தியில் போட்ட மூன்றாம் வாரமே வெண்டை கருகருவென்று எழுந்தது. அப்புறம் அவர், தன்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

நம் விதிப்படி உறுப்பினர் ஆவதற்குக் கொலையும் புலையும், அதாவது உயிர்க்கொலையும் புலால் உண்பதும், தவிர்த்திருக்க வேண்டும். செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. நொய்யே வாங்கக் கூடாது என்று ஒரு தரப்பு. எருவையும் அள்ளி வெளியே கொட்டுங்கள் என்று அதில் ஒருவர். வடலூரில் ஜோதி வழிபாடு நடக்கும் ஞானசபையின் வாயிலில் கொலை, புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே வரலாம் என்று எழுதியிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அதே வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலை வாசலில் அப்படி ஒரு பலகை கிடையாது. பசியோடு யார் வந்தாலும் இலைதான். வள்ளலார் 1865இல் சங்கம் கண்டார், 1867 மே 23 அன்று சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார், 1872இல்தான் ஞானசபை திறந்தது. அதாவது அடுப்பு எரிந்து ஐந்தாவது ஆண்டில்தான் சபை. நம் தோட்டம் சபையைச் சேர்ந்ததா, சாலையைச் சேர்ந்ததா என்று நான் கேட்டேன். கூட்டத்தில் பதில் வரவில்லை, காபி வந்தது.

கடைசியில் அந்த அன்பரே முடிச்சை அவிழ்த்தார். “ஐயா, எனக்கு உறுப்பினர் சீட்டு வேணாம். தொழிலை விட முடியலை, பொய் சொல்லிக் கையெழுத்தும் போட மாட்டேன். ஒரு பாத்தி மட்டும் கொடுங்க” என்றார். கிழக்கு மூலைப் பாத்தி அவருக்கு. விதி மாறவில்லை, அவரும் வெளியே நிற்கவில்லை. இதை ஏற்காத இரண்டு அன்பர்கள் இன்றும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய மறுப்பும் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது சோதனை ஐப்பசியில். மழை தொடங்கியதும் முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஊர் வழக்கம் தெரிந்ததே, துணிப்பந்தத்தைக் கொளுத்தி அடிமரத்தில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஜீவகாருண்யம் பேசும் சங்கத்தின் மரத்தில் அதைச் செய்வதா? செய்யாவிட்டால் அரிப்பெடுத்த பிள்ளைக்குக் காட்ட வேண்டிய காருண்யம் எது? நான் மேடையில் பல தடவை பேசிய பொருள்தான் இது. மரத்தடியில் நின்றபோது ஒரு வார்த்தையும் உதவவில்லை. கையில் பையைச் சுற்றிக்கொண்டு, துடைப்பத்தால் பக்கெட்டில் தள்ளி, ஏரிக்கரைப் புதருக்குக் கொண்டுபோய்க் கொட்டினோம். ஐந்து நாள், தினம் இரண்டு நடை. சில செத்திருக்கும், மறைப்பதற்கில்லை. எனக்கும் கழுத்து முழுக்கத் தடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் அவரே ஒரு பக்கெட்டோடு வந்தார்.

இனி நவம்பர். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நாம் 2011இல் தானே புயலில் பலாவையும் முந்திரியையும் பறிகொடுத்தவர்கள், அதனால் காற்றுக்குத்தான் பயந்தோம். காற்று முருங்கை இரண்டையும் முறித்ததோடு போய்விட்டது. வந்தது தண்ணீர். சாத்தனூர் அணையில் திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் இறங்கி, டிசம்பர் 2 அன்று நம் தெருவுக்குள் நுழைந்தது. தோட்டத்தில் இடுப்பளவு. கீழ்வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் நம் சங்கத்து மாடிக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நாலு நாள் பற்றி எழுத நிறைய இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். விறகு நனைந்துவிட்டது, கேஸ் அடுப்பில்தான் கஞ்சி. நொய் தீர்ந்தபோது கறிக்கடை அன்பர் தலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். வேளைக்கு நூற்றைம்பது டம்ளருக்குக் குறையாமல் ஊற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவுக்கு ஒருநாளும் எட்டிப் பார்க்காத வீடுகளெல்லாம் மாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரவில் மின்சாரம் இல்லாமல் விளக்கை மட்டும் ஏற்றி வைத்தபோது, யாரும் சொல்லாமலே வள்ளலாரின் அகவல் பாட ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்கு வரி தெரியாது, ஆனாலும் விடாமல் முணுமுணுத்தார்கள்.

வெள்ளம் வடிந்து பார்த்தால் தோட்டத்தில் ஒரு சாண் வண்டல். விதை டப்பாக்கள் இருந்த கொட்டகையும் போயிருந்தது. மூன்று ஆண்டு சேர்த்த விதை. இந்த இடத்தில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவர் இறந்தபின் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு நம் தெருவுக்கு வந்தவர். முதல் ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருப்பார், யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் நான் சுரை விதையைக் கையகலக் குழிக்குள் ஆழமாக நடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, “என்னா தம்பி, விதையைப் புதைக்கிறியா?” என்று கேட்டார். நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் என்.எல்.சி.யில் முப்பது ஆண்டு வேலை பார்த்த எனக்கு மண் தோண்டத் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து தோட்டம் அவர் கையில்.

நாம் டப்பாவில் விதை வைத்தோம். அவர் சுரை, பரங்கி, வெள்ளரி விதைகளைச் சாணத்தில் அப்பி, மகள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வறட்டியாகத் தட்டியிருந்தார். அவரைக்கும் கொத்தவரைக்கும் சாம்பல் போட்ட குடுக்கை. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவில்லை. மார்கழிக் கடைசியில் வறட்டியை உடைத்து, எடுத்த விதையை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். கிழக்கு மூலைப் பாத்திக்கும் அதே பங்கு. “சாமி கும்பிட இப்பல்லாம் கோயிலுக்குப் போறதில்லப்பா, காலையில இங்க வந்துட்டாப் போதுது” என்று சொன்னார். சங்கத்தில் அவரும் உறுப்பினர் இல்லை. படிவம் கொடுத்தேன், கண்ணாடி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தைப்பூசம் இந்த ஆண்டு பிப்ரவரி 11. வழக்கமாக வடலூர் சாலைக்கு நாம் பரங்கியும் சுரையும் மூட்டையாகக் கொண்டுபோவோம். இம்முறை கொடி அப்போதுதான் படர ஆரம்பித்திருந்தது. அறுக்க முடிந்தது முளைக்கீரை மட்டும், அதிலும் பதினேழு கட்டு. ஊர் ஊராக வண்டியில் அரிசி மூட்டை வந்து இறங்கும் இடத்தில் கீரைக்கட்டை எப்படி நீட்டுவது என்று எனக்குக் கூச்சம். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. நேரே காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, தானே ஆய ஆரம்பித்துவிட்டார். ஏழு திரை விலகி ஜோதி தெரிந்த நேரத்தில் நாங்கள் சபைக்கு எதிரே கூட்டத்தில் நின்றோம். அவர் சாலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூப்பிடப் போனவரிடம், “நீங்க பாத்துட்டு வாங்க, இன்னும் நாலு கட்டு இருக்கு” என்று சொல்லியனுப்பினார்.

மற்றவை சுருக்கமாக. தோட்டத்து மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொடுத்தோம், மூன்றும் காணாமல் போயின. நாலாவதைக் கையிலேயே வைத்திருக்கிறேன். வெள்ள நிவாரணத்துக்கு வந்த நன்கொடையில் மீதி ₹6,400 இருக்கிறது. அதைக் கொட்டகைக்குத் தகரம் போடப் பயன்படுத்தப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். மூத்த அன்பர்கள் இருவர் இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார்கள், அவர்களுக்காக எழுந்து நிற்போம். சொற்பொழிவை ஞாயிறு மாலையிலிருந்து பூசத்தன்று கஞ்சி வேகும் நேரத்துக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நான் ஆதரிக்கிறேன். அண்டா கொதிக்க எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

வெள்ளத்தின்போது மாடியிலிருந்து போன பெரிய கரண்டி ஒன்றும், மண்வெட்டிகள் இரண்டும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் அடுத்த பூசத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். கேள்வி எதுவும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்