எங்கள் வீட்டில் காணாமல் போன சனிக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த சிங்கப்பூர் – நியூயார்க் விமானத் துணுக்கைப் படித்தேன். தூரம் 15,349 கி.மீ. என்றும், நள்ளிரவில் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறீர்கள். விடிகாலை என்றால் எந்த ஊர் விடிகாலை? பறக்கும் நேரம் மட்டும் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். நியூயார்க்கில் கடிகாரம் கோடையில் 12 மணி நேரம் பின்னால் ஓடுகிறது, குளிர்காலத்தில் 13, அதனால்தான் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரிகிறது.

தூரக் கணக்கும் சரிதான், ஆனால் அது பாதி விஷயம். தீர்க்கரேகையில் சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது கிழக்கு மேற்குக் கணக்கில் பூமிக்குக் கிட்டத்தட்ட நேர் அந்தப் பக்கம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். உங்கள் படத்தில் போட்டிருந்த கோடு போல இந்தியாவுக்கு மேலே நேராகப் போகாது. ஆனால் விமானம் நூலைப் பிடித்துக்கொண்டா பறக்கிறது? மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று முதுகில் தள்ளினால் எரிபொருளும் நேரமும் மிச்சம் என்று போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி, திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக் வழி. ஆக, போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். 2018இல் பக்கத்து நியூவார்க் விமான நிலையத்துக்கு இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது 16,700 கி.மீ. என்று அறிவித்ததும் காற்றுக்காகச் சுற்றிப் போகும் தூரத்தையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் என் அம்மா. அக்கா வீடு நியூஜெர்சியில். போன புரட்டாசியில் அங்கிருந்து வெள்ளி இரவு பத்தரைக்கு விமானம் ஏறினார். பதினெட்டரை மணி நேரம் என்று அக்கா சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் போய் நின்றேன். வருகைப் பலகையில் அப்படி ஒரு விமானமே இல்லை. அம்மா இறங்கியது ஞாயிறு விடிகாலை ஐந்தேகாலுக்கு. இறங்கியதும் நலம்கூட விசாரிக்கவில்லை. “டேய், இன்னிக்கு சனிக்கிழமைதானே? பெருமாளுக்கு விரதம் இருக்கணும்” என்றார். ஞாயிறு என்றேன். விமானத்தில் இரண்டு வேளை சாப்பிட்டாராம். அந்த விரதத்தை அடுத்த வாரம் சேர்த்து இருக்கலாமா என்று கோயில் குருக்களிடம் கேட்கும்வரை விடவில்லை.

இனிமேல் இப்படித் துணுக்குப் போடும்போது எத்தனை மணி நேரம் பறக்கிறது, எந்தக் கிழமை இறங்குகிறது என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
யீஷூன் வாசகர் ஒருவர், சிங்கப்பூர்