பாலியல் பாடத்துக்கு நம் ஊர்த் தரவு

ஆசிரியருக்கு,

திருகோணமலை மாணவருக்குப் பாலியல் கற்பிக்க அமெரிக்கப் பாடநூல் அட்டவணைகள் மட்டும் போதா. உள்ளூர்த் தரவையும் கூர்ந்து வாசிக்கப் பழக்குங்கள். இலங்கையின் 1987 குடித்தொகை, சுகாதார அளவீட்டில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இல்லை. 2016 அளவீடு எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. ஆனால் கேட்கப்பட்டோர் ஒருமுறையேனும் மணமான, 15–49 வயதுப் பெண்களே. வகுப்பிலிருக்கும் மணமாகாத மாணவி அதில் இல்லவே இல்லை!

எனவே மாணவர் தம் சந்தேகங்களை எழுதி வகுப்புப் பெட்டியில் இடும் பெயரில்லாக் கேள்விச் சீட்டு அவசியம். ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனை. கேள்வியற்றவரும் 'இல்லை' என்றெழுதி மடிக்க வேண்டும். சிலர் மட்டும் எழுதினால் பக்கத்து வாங்குக்குத் தெரிந்துவிடும், அடுத்த வாரம் பெட்டி வெறுமையாகும். அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், இயன்றளவு விரைவாக எடுக்க வேண்டும் என்பது போன்ற விடைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டே கொடுங்கள்.

விரிவுரையாளர்கள் சிலர்,
திருகோணமலை