அந்தப் பாதுகாப்பை மறுபடி போட்டுவிடு, கண்ணா

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. அக்கா மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அதையெல்லாம் அப்புறம் விரிவாக எழுதுகிறேன். முதலில் உன் லேப்டாப்.

நம் வீட்டுக் கணினிகள் எல்லாம் டிஃபெண்டர் என்கிற மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புச் செயலியில் ஒரே பக்கத்தில் தெரிகிற மாதிரி நீதான் செய்து கொடுத்தாய். என்னுடையதும் அப்பாவுடையதும் அக்காவுடையதும் சரியாக இருக்கின்றன. உன் பெயருக்கு நேராக மட்டும் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று எச்சரிக்கை. எதையோ நிறுவுவதற்காகக் கொஞ்ச நேரம் அணைத்திருப்பாய் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் விண்டோஸில் நிகழ்நேரப் பாதுகாப்பை அணைத்தால் சிறிது நேரத்தில் அதுவே திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். உன்னுடையதில் திரும்பவே இல்லை. வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அப்படியென்றால் ஒரு வார்த்தை சொல், நிம்மதியாக இருப்பேன். இல்லையென்றால் பாதுகாப்பு அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றவிடாமல் காக்கிற டேம்பர் புரொடெக்‌ஷனையும் எடுத்துவிட்டு நீயே நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது உனக்குத் தெரியாமல் வேறு ஏதோ நிறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஆபீஸ் கணினியை ஆபீஸே பார்த்துக்கொள்ளும் அம்மா" என்பாய். சரி. ஆனால் இப்போதெல்லாம் வேலை நாளில் நடுப்பகலில் நம் பொதுக் கோப்புறையில் உன் சொந்தக் கணக்கிலிருந்து கோப்புகள் மாறுகின்றன. ஏன் என்று நான் கேட்கவில்லை. முன்பு ஆபீஸ் பார்த்துக்கொண்டதையெல்லாம் இனி அந்த ஒரு லேப்டாப்பே தாங்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஏதாவது மென்பொருளைக் காசில்லாமல் இறக்குவதற்காக அணைத்தாயா? பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள், அதாவது கிராக், கொடுக்கிற தளங்களில் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்றுதான் இருக்கும். அது எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டுகிற லாகின் குக்கீகளையும் சுருட்டிக்கொண்டு போகிற நிரல்கள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகின்றன. குக்கீ அவர்கள் கைக்குப் போய்விட்டால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். சித்தப்பாவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா?

கடுமையான அமைப்பு வேலையைக் கெடுக்கும் என்பது உன் பழைய வாதம். அதில் பாதி உண்மை. கோப்புறைகளைக் காவல் காக்கிற கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ் போட்ட அன்றே என் கணக்கு மென்பொருள் கோப்பைச் சேமிக்க முடியாமல் நின்றுவிட்டது. அனுமதிப் பட்டியலில் அந்த ஒரு நிரலைச் சேர்த்தேன், அவ்வளவுதான். விண்டோஸ் அதை அணைத்து வைத்தே கொடுக்கிறது, நாம்தான் போட வேண்டும். முன்பின் தெரியாத நிரல் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் இருப்பதை மாற்றவோ அழிக்கவோ அது விடாது. படித்து நகலெடுப்பதைத் தடுக்காது. ஆகவே அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதே. தேவையற்ற செயலிகளைத் தடுக்கிற அமைப்பையும் போடு, சந்தேகமான கோப்பை மைக்ரோசாஃப்டிடம் இணையம் வழியாகக் கேட்டுப் பார்க்கிற கிளவுட் பாதுகாப்பையும் போடு. டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடுகிற எக்ஸ்குளூஷன் பட்டியலைத் திறந்து பார். டவுன்லோட்ஸ் கோப்புறை முழுவதையும் அதில் சேர்த்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு.

கிளவுட் தடுப்பு அளவை உயர்த்த அமைப்புப் பக்கத்தில் பொத்தான் கிடையாது, கட்டளை தட்டச்சு செய்கிற பவர்ஷெல்லில்தான் மாற்ற வேண்டும். உனக்கு அது ஒரு வரி. ஹை என்கிற அளவு போதும். ஜீரோ டாலரன்ஸ் வேண்டாம், தெரியாத நிரல் எதையுமே அது ஓடவிடாது. நீ சொந்தமாக நிரல் எழுதுகிற பிள்ளை, உன் நிரலையே பிடித்து வைத்துக்கொள்ளும். தப்பாகப் பிடித்தாலும் டிஃபெண்டர் பிடித்ததையெல்லாம் காட்டுகிற புரொடெக்‌ஷன் ஹிஸ்டரிக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கிறவனிடமிருந்து பாட்டியின் படங்களை எடுக்க முடியுமா? இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கிற ஒன்டிரைவை 30 நாள் வரை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகலாம் என்பது எனக்கும் தெரியும். அந்தப் படங்களில் பாதி உன் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன.

2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை வைரஸ் வந்தபோது நீ என்ன செய்தாய் என்பதை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டுகிறார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டாய். பெரியப்பாவையே அதட்டி அப்டேட் செய்ய வைத்தாய். அந்தப் பிள்ளை இன்று தன் கணினியை இப்படித் திறந்துபோட்டிருக்கிறான், போனையும் எடுப்பதில்லை. "அவனைத் தொந்தரவு செய்யாதே" என்கிறார் அப்பா. நான் தொந்தரவு செய்யத்தான் போகிறேன்.

மென்பொருள் வாங்கத்தான் பணம் வேண்டுமென்றால் சொல். மற்றதற்கு வேண்டுமென்றாலும் சொல். வேலை வரும், போகும். அதற்காக எங்களிடம் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். முதலில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போடு. கணினி அணைந்து மறுபடி எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும், திறந்திருக்கிற வேலையைச் சேமித்துக்கொள். அதில் ஏதாவது மாட்டினால் அந்த லேப்டாப்பிலிருந்து கடவுச்சொல் எதையும் மாற்றாதே. போனில் மாற்று, முதலில் மின்னஞ்சல், அடுத்தது வங்கி. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதி இருக்கிற இடத்திலெல்லாம் அதையும் அழுத்து. பாதுகாப்பை மறுபடி போட முயன்று அது மறுத்தால் தனியாகப் போராடிக்கொண்டிருக்காதே. படங்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடலாம். அதற்கு லேப்டாப்போடு இங்கேயே வந்துவிடு. ஒரு வாரம் இருந்தாலும் சரி, ஒரு மாதம் இருந்தாலும் சரி.

ஸ்கேன் முடிந்ததும் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா